வண்டு துளைத்த மிலாறும் மரமும்: அகற்றும் செலவுக்கு அரச உதவி பெற முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் தேயிலைச் சிறுகாணி வைத்திருப்பவர்களுக்கும், கிராமத்திலோ தோட்டக் குடியிருப்பிலோ சங்கம் நடத்துபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஷொட் ஹோல் போரர் என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்லும் அந்தத் தண்டு துளைக்கும் வண்டு பிடித்த செடியையும் மரத்தையும் வெட்டினால், மிலாறும் (கவ்வாத்தில், அதாவது செடியைக் கத்தரிக்கும்போது விழும் தேயிலைக் கிளைகள்) மரத் துண்டுமாக ஒரு பெரிய குவியல் மிஞ்சும். அதை என்ன செய்வது, அந்தச் செலவில் எதை எந்தக் கந்தோரில் கேட்பது என்பதுதான் விஷயம்.

எங்கள் சங்கம் இந்த வேலையை ஒரு தடவை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை செய்து முடித்தது. அதற்குப் பிறகு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பலருடைய கோப்புகளையும் பார்த்தேன். அநேகம் பேர் தடுக்கி விழுந்த இடம் ஒன்றுதான். பயத்தில் முதலில் வெட்டிவிட்டார்கள், பிறகு விண்ணப்பம் எழுதினார்கள். உத்தியோகத்தர் கண்ணால் பார்த்து அளந்த கழிவுக்குத்தான் அரச பணம் கிடைக்கும். ஆனால் அவர் வரும்வரை வண்டு காத்திருக்காது. கீழே உள்ள வரிசை இந்த இரண்டையும் சேர்த்துச் சமாளிப்பதற்கானது.

1. வண்டுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

பென்சில் பருமனிலிருந்து பெருவிரல் பருமன் வரையான கிளைகளைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவுக்கு வட்டமான ஒரு துளை இருக்கும். புதிதாகக் குடைந்தது என்றால் வாயில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் கிளையை வளைத்தால் சட்டென்று முறியும். முறிந்த முகத்தில், தண்டைச் சுற்றி மோதிரம் போல ஓடும் குடைவும் அதை ஒட்டிக் கறுத்த கறையும் தெரிந்தால் சந்தேகம் வேண்டாம்.

துளை பெரிதாக இருந்து, கீழே உருண்டை உருண்டையாக எச்சம் கொட்டியிருந்தால் அது சிவப்புத் துளைப்புழு. தண்டுக்குள் மண்ணும் கறையானும் இருந்தால் அது வேறு கதை. மூன்றுக்கும் செய்யும் வேலை வேறு என்பதால், பெயரைத் தவறாக எழுதிய கோப்பு முதல் பரிசோதனையிலேயே திரும்பிவிடும்.

பூச்சியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தால் மற்ற எல்லாப் படிகளும் புரியும். இந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை. சுமார் 2 மில்லிமீற்றர் நீளமுள்ள கறுத்த பெண் வண்டு ஒரு பூஞ்சணத்தைத் தன்னுடன் கொண்டுவந்து குடைவுக்குள் வளர்க்கிறது. குஞ்சுகள் தின்பது அந்தப் பூஞ்சணத்தை. பூஞ்சணத்துக்கு மரத்தின் ஈரம் வேண்டும். ஆகவே வெட்டிப் போட்ட மிலாறு காயும்வரை அது வண்டு வளர்க்கும் தொட்டில்தான். முட்டையிலிருந்து வண்டாக ஒரு மாதம் சொச்சம் போதும்.

மாதிரியைக் கொண்டுபோகும்போது ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டி, இரண்டு பொலித்தீன் பையில் இறுகக் கட்டுங்கள். தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையில் இருக்கிறது. கண்டிப் பக்கத்தவர்களுக்கு ஹந்தானை நிலையமும், ஊவாவில் உள்ளவர்களுக்குப் பசறை நிலையமும் கிட்ட. ‘வண்டுதான்’ என்று வாயால் சொல்வதை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு தாள்தான் முழுக் கோப்புக்கும் அத்திவாரம்.

2. மரம் யாருடைய நிலத்தில் நிற்கிறது?

சொந்த உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா, தோட்டக் கம்பனியின் குத்தகை நிலமா என்பதைப் பொறுத்துக் கேட்கும் இடம் மாறும்.

கம்பனி நிலத்தில் நிற்கும் தேயிலைக்கும் நிழல் மரத்துக்கும் பொறுப்பு தோட்ட நிர்வாகம். அதற்காகத் தொழிலாளியோ சங்கமோ உதவி கேட்க முடியாது. ஆனால் லயத்துக்குப் பின்னால், பாதையோரத்தில், பாடசாலைக்குப் பக்கத்தில் ஆட்களுக்கு ஆபத்தாக நிற்கும் மரம் என்றால் பொதுப் பணத்துக்கு இடமுண்டு. அதற்குத் தோட்ட முகாமையாளரின் சம்மதக் கடிதத்தை முதலில் வாங்கிவிடுங்கள். முன்பு தோட்டத்துக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவிடச் சட்டத்தில் தடை இருந்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்த வழி திறந்திருக்கிறது. இன்றும் ‘எஸ்டேட்டுக்குள்ளே சபை செலவழிக்க ஏலாது’ என்று யாராவது சொன்னால், அந்தத் திருத்தத்தை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள்.

அதே வருடம் அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகள் இரண்டும் மும்மூன்றாகப் பிரிந்தன. மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று தனிச் சபைகள் வந்தன. பழைய சபையின் பெயரில் எழுதிய கடிதம் மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்தச் சபை என்பதை உங்கள் கிராம சேவகரிடம் கேட்டு எழுதுங்கள்.

3. வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

‘வண்டு பிடித்த மரக் கழிவு’ என்று பெயர் போட்ட படிவத்தைத் தேடிப் போகாதீர்கள். ஒவ்வொரு கந்தோரும் தன் தலைப்புக்குள் வரும் வேலைக்குத்தான் பணம் கொடுக்கும். ஆகவே முழு வேலையையும் அந்தத் தலைப்புகளுக்கு ஏற்பப் பிரிக்க வேண்டும்.

செடியைப் பிடுங்கி மறுபடி நடுவது தேயிலைச் சிறுபற்று நிலங்கள் அபிவிருத்தி அதிகாரசபையின் மீள்நடுகை மானியத்துக்குள் வரும். இது 10 ஏக்கருக்குள் உள்ள சிறுகாணிகளுக்கு. இடையிடையே செத்த செடிகளை மட்டும் மாற்றுவதென்றால் இடைநடுகைக்கான உதவியைக் கேளுங்கள். மானியம் ஒரே தடவையில் கைக்கு வராது. வேலை ஒவ்வொரு கட்டமாக முடிய முடியத் தவணையாக வரும். தொகை சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும். போன தடவை அண்ணன் வாங்கிய தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

விழக்கூடிய நிலையில் உள்ள பெரிய மரம் என்றால் கிராம சேவகர் வழியாகப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும்.

நறுக்குவது, ஏற்றிச் செல்வது, உரமாக்குவது ஆகியவை பிரதேச சபையின் திண்மக் கழிவு வேலைக்குள் வரும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சபையின் கூட்டெரு முற்றத்துக்கு மரக்கறிக் கழிவு நிறைய வருகிறது. அது தண்ணீர் வடிந்து நாறுவதே அவர்களுடைய பெரிய தலையிடி. அதனுடன் கலக்கக் காய்ந்த மரத் துண்டு அவர்களுக்குத் தேவை. ‘எங்கள் கழிவை எடுங்கள்’ என்று கேட்பதைவிட, ‘உங்கள் முற்றத்துக்கு நறுக்கிய மரம் தருகிறோம், இயந்திரமும் லொறியும் தாருங்கள்’ என்று கேட்டால் பேச்சே வேறு மாதிரிப் போகும்.

வெட்டுக்கூலியும் சுமைக்கூலியும் சங்கத்துக்குக் கொந்தரப்பாகக் கிடைக்கலாம். பதிவு செய்த கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும், கமநல சேவை நிலையத்தில் பதிந்த விவசாயிகள் அமைப்புக்கும் சிறிய வேலைகளை நேரடியாகக் கொடுப்பது வழக்கம். பதிவு காலாவதியாகியிருந்தால் இன்றைக்கே புதுப்பியுங்கள்.

ஒரே வேலையை இரண்டு கந்தோரில் கேட்காதீர்கள். கணக்காய்வில் அது பிடிபட்டால் அடுத்த பத்து வருடத்துக்குச் சங்கத்தின் பெயர் கெட்டுவிடும்.

4. கத்தி வைக்கும் முன் காட்டுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான்.

மீள்நடுகைக்குப் போகிறீர்கள் என்றால், அதிகாரசபையின் கள உத்தியோகத்தர் நிற்கும் செடியைப் பார்க்க வேண்டும், அனுமதி கைக்கு வர வேண்டும், அதற்குப் பிறகுதான் பிடுங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம், வண்டு பரவிவிடும் என்ற பயத்தில் அரை ஏக்கரையும் வெட்டிக் கொளுத்திவிட்டது. பரிசோதனைக்கு வந்தவர் பார்த்தது சாம்பலை. அவர் நல்ல மனிதர், எழுதிக் கொடுக்க ஆசைப்பட்டார். ஆனால் இல்லாத செடியை அவரால் எப்படி எண்ண முடியும்? அந்தக் குடும்பம் நட்டத்தைத் தலையில் போட்டுக்கொண்டது. அந்த அம்மா சாம்பல் மேட்டைக் காட்டிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பலா, ஈரப்பலா மரங்களை வெட்ட 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பாதி செத்த மரம்தானே, வண்டு தின்ற மரம்தானே என்று வெட்டிவிட்டால் உதவி கிடைப்பது ஒரு பக்கம், வழக்கு வரும். மரத்தை லொறியில் ஏற்ற அனுமதிப்பத்திரம் தேவையா என்பதை வனத் திணைக்களத்தின் அருகிலுள்ள கந்தோரில் மரத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சவுக்குக்கு ஒரு விதி, காட்டு மரத்துக்கு ஒரு விதி.

படம் எடுக்கும்போது மூன்று வகை வேண்டும். தூரத்திலிருந்து முழு மலையும், பின்னால் கோயிலோ வளைவோ ஏதாவது ஓர் அடையாளத்துடன். பிறகு தனித்தனி மரம், அளவு நாடாவுடன். கடைசியாகத் துளை கிட்டத்தில். வெறும் துளையை மட்டும் பத்துப் படம் எடுத்துக் கொண்டுவருபவர்கள் அதிகம். அது யாருடைய காணி என்று அந்தப் படத்தில் ஒன்றும் தெரியாது.

5. கழிவை நிறுத்து எழுதுங்கள்

‘நிறைய மிலாறு’ என்று எழுதினால் யாரும் பணம் ஒதுக்கமாட்டார்கள். குவியலின் நீள அகல உயரத்தை அளப்பதும் சரிவராது. மிலாறு இன்று இடுப்பளவு நிற்கும், மழை பெய்தால் முழங்காலுக்கு இறங்கிவிடும்.

நாங்கள் செய்த முறை இது. உத்தியோகத்தர் வந்த அன்று அவர் முன்னிலையில் 20 செடியைக் கவ்வாத்து வெட்டி, மிலாறைக் கட்டாகக் கட்டி, கொழுந்து நிறுக்கும் தராசிலேயே தொங்கவிட்டு நிறுத்தோம். உதாரணத்துக்கு 20 செடிக்கு 46 கிலோ வந்தது என்று வையுங்கள். ஏக்கருக்குச் சுமார் 5,000 செடி என்றால் அரை ஏக்கருக்கு 2,500. கணக்கு 5,750 கிலோ ஆகிறது. அதை அந்த இடத்திலேயே தாளில் எழுதி, உத்தியோகத்தரிடமும் இரண்டு சாட்சிகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். செடி வெற்றிடங்களைக் கழித்து எண்ணுங்கள். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினால் பிறகு லொறி நடை குறையும்போது நீங்களே பதில் சொல்ல வேண்டி வரும்.

பெரிய மரத்துக்கு நெஞ்சளவு உயரத்தில் சுற்றளவும், ஏறத்தாழ உயரமும் போதும். அடிக்கட்டையைத் தனி வரியாகப் போடுங்கள். செங்குத்துச் சரிவில் வேரைப் பிடுங்கவே வேண்டாம். மண்ணைப் பிடித்திருப்பது அந்த வேர்தான். அப்படியான இடத்தில் ‘அடிக்கட்டை விடப்படும்’ என்று மதிப்பீட்டிலேயே எழுதிவிட்டால், ஏன் வேலை முடியவில்லை என்று யாரும் பின்னால் கேட்கமாட்டார்கள்.

6. பணம் வரும்வரை குவியலை அடக்கி வையுங்கள்

பலரும் கவனிக்காமல் விடுவது இந்தப் படியை. பரிசோதனை முடிந்து பணம் வரும்வரை வாரங்கள் போகும். அதற்குள் குவியலிலிருந்து ஒரு தலைமுறை வண்டு வெளியே வந்துவிடும்.

முதலில், மிலாறை அந்த மலையை விட்டு வெளியே கொண்டுபோக விடாதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கே வலிக்கிறது. காரணம், நம் வீடுகளில் பாதி அடுப்பு மிலாறில்தான் எரிகிறது. கவ்வாத்து நாளில் தலையில் கட்டு ஏற்றிக்கொண்டு போகும் அக்காவிடம் ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது? நாங்கள் சங்கக் கூட்டத்தில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அன்றன்றைய அடுப்புக்கு வேண்டிய அளவை எடுக்கலாம், கோடிப்புறத்தில் அடுக்கி வைக்கக்கூடாது. தடித்த விறகு பதப்படுத்தி முடிந்ததும் வீட்டுக்குப் பங்கு. பங்கு உண்டு என்று முதலிலேயே தெரிந்ததால் யாரும் இரவில் கட்டுத் தூக்கவில்லை.

இரண்டாவது, நறுக்க முடிந்ததை உடனே நறுக்குங்கள். துண்டு 2.5 சென்டிமீற்றருக்குள், அதாவது ஓர் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இதே வண்டுக் குடும்பம் 2021இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டபோது அங்கேயும் இந்த அளவைத்தான் வைத்தார்கள். அவ்வளவு சிறிய துண்டில் குடைவு உடைந்துவிடும், ஈரமும் சீக்கிரம் போய்விடும். கத்தியால் சாண் சாணாக வெட்டுவது நறுக்குவது ஆகாது.

மூன்றாவது, நறுக்க முடியாததை மூடுங்கள். இரண்டடிக்கு மேல் உயராத குவியலாக அடுக்கி, நிறமில்லாத தடித்த பொலித்தீனால் போர்த்து, ஓரம் முழுவதையும் மண்ணுக்குள் புதையுங்கள். கறுத்த பொலித்தீனை விட நிறமில்லாதது வெயிலை நன்றாக உள்ளே விடும். ஓரத்தில் கல் வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள மடிப்பு வண்டுக்கு வாசல். கலிபோர்னியாவில் கடும் கோடை என்றால் 6 வாரம், மற்றக் காலம் என்றால் 6 மாதம் மூடி வைக்கச் சொல்கிறார்கள். நம் மலையில் அந்த வெயில் கிடையாது. ஆகவே 6 வாரக் கணக்கை நம்பாமல் நீண்ட கணக்கையே எடுங்கள். மேற்குச் சரிவில் பெப்ரவரி, மார்ச்சிலும், ஊவாவில் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரையிலும் வெயில் கிடைக்கும். மழைக்காலத்தில் போர்த்தினால் உள்ளே ஈரம் தங்கும். அந்தக் காலத்தில் நறுக்குவதுதான் வழி.

எரிப்பது சுலபமாகத் தெரியும். வறண்ட மாதத்தில் சரிவில் வைத்த தீ பற்றைக்காட்டுக்குப் பாய எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊவாவில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அத்துடன் கழிவை ஏற்றவும் நறுக்கவும் கேட்ட பணமும் சாம்பலோடு போய்விடும்.

பொலித்தீனும் கூலியும் உங்கள் கையிலிருந்து போகும் பணம். பில்லை வைத்துக்கொள்ளுங்கள். ‘பரவாமல் தடுக்கும் தற்காலிகச் செலவு’ என்று மதிப்பீட்டில் தனி வரியாகப் போடலாம்.

7. கோப்பில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பக்கக் கோரிக்கைக் கடிதம், பூச்சி உறுதிக் கடிதம், காணி ஆவணம் அல்லது சம்மதக் கடிதம், கிராம சேவகரின் சான்று, எடை எழுதிக் கையெழுத்து வாங்கிய தாள், படங்கள், விலைமனுக்கள், சங்கப் பதிவுச் சான்றிதழ், சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிப் புத்தகப் பிரதி. இந்த வரிசையிலேயே அடுக்கி, பக்கத்துக்கு இலக்கம் போடுங்கள். தனி ஆளின் கணக்கு இலக்கத்தைச் சங்கத்தின் வேலைக்குக் கொடுத்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

மதிப்பீட்டில் வரவையும் காட்டுங்கள். பதப்படுத்திய தடித்த விறகைத் தேயிலை ஸ்டோருக்கு விற்கப் போகிறீர்கள் என்றால், அந்த வருமானத்தை எழுதி மொத்தச் செலவில் கழியுங்கள். கேட்கும் தொகை குறையும் என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். விறகு லொறி ஊர் நடுவால்தான் போகும், மறைக்க முடியாது. வரவைக் காட்டிய கோப்பை அதிகாரிகள் நம்பிப் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உரிமை தருகிறது. அதோடு சிங்களத்தில் ஒரு சுருக்கப் பக்கத்தையும் இணைத்தால் மேசைக்கு மேசை சீக்கிரம் நகரும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக இதை நினைக்க வேண்டாம், கோப்பு தூங்காமல் பார்த்துக்கொள்வது அவ்வளவுதான்.

8. எந்த மாதத்தில் கொடுப்பது

அரச நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. பிரதேச சபை அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தை வருடக் கடைசியில் நிறைவேற்றும். ஆகவே ஓகஸ்ட், செப்டெம்பரில் உங்கள் பகுதி உறுப்பினரிடமும் சபைச் செயலாளரிடமும் கோரிக்கை இருக்க வேண்டும். நவம்பரில் கொண்டுபோனால் ‘அடுத்த வருடம் பார்ப்போம்’ என்பதுதான் பதில். இந்த வருடம் வெட்ட வேண்டிய மலைக்கு, வருட ஆரம்பத்திலேயே போங்கள்.

9. வேலை நடக்கும் நாட்களில்

ஒரு கொப்பி போதும். நாள், வந்த ஆட்கள், கையெழுத்து, லொறி நடை, எந்த இடத்தில் இறக்கியது. அன்றன்றே எழுதுங்கள். வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து மொத்தமாக எழுதிய கொப்பியைப் பார்த்தவுடனேயே தெரியும். ஒரே பேனை, ஒரே கையெழுத்து.

லொறியில் ஏற்றும் கழிவை தார்ப்பாயால் இறுக்கி மூடுங்கள். வழியில் சிந்தும் ஒரு கிளை அடுத்த ஊர் மலைக்குப் போதும். கத்தி, அரிவாள், நறுக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் வேறு மலைக்குக் கொண்டுபோகும் முன் தூள் ஒட்டாமல் துடையுங்கள்.

மீள்நடுகை செய்பவர்கள் பிடுங்கிய உடனே கன்று வைக்கப் போவதில்லை. குவாத்தமாலா புல்லோ மானாப் புல்லோ நட்டு 18 முதல் 24 மாதம் மண்ணைத் தேற்ற வேண்டும். அந்தக் கட்டத்தையும் பார்வையிட்டுத்தான் அடுத்த தவணை வரும். புல் நட்ட அன்று படம் எடுக்க மறக்காதீர்கள்.

10. பணம் இழுபட்டால்

முதலில் நேரில் போய் கோப்பு இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கம் இல்லாமல் பத்துத் தடவை போனாலும் பயன் இல்லை. எங்கள் கோப்பு ஒரு கந்தோரில் நான்கு மாதம் கிடந்தது. யாரும் வேண்டுமென்று வைத்திருக்கவில்லை, ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அதைக் கண்டுபிடித்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம் மூலம்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. அந்தக் கந்தோரின் தகவல் அலுவலருக்கு எழுதினால், தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேள்வியைக் கூர்மையாகக் கேளுங்கள்: ‘இந்த இலக்கக் கோப்பு இப்போது எந்த உத்தியோகத்தரிடம் உள்ளது, எந்த ஆவணம் குறைகிறது?’ ஏன் தாமதம் என்று கேட்டால் நீண்ட விளக்கம் வரும், பணம் வராது. மறுத்தால் 14 நாட்களுக்குள் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம்.

பணம் வந்த பிறகும் கோப்பின் முழுப் பிரதியைச் சங்க அலுமாரியில் வையுங்கள். அடுத்த கவ்வாத்து வரும்போது அதே மலையில் மறுபடி 20 செடியை நிறுத்து, துளை உள்ள கிளைகளை எண்ணிப் பழைய தாளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். வண்டு குறைந்திருக்கிறதா என்பதை அந்த இரண்டு தாளும் காட்டும், அடுத்த விண்ணப்பத்துக்கு முதல் பக்கமும் அவைதான்.